கல்லறைக்குப் போன காய்ப்புழு

எங்க வூட்டுக்காரரு பேரு பிலவேந்திரன். பருத்தியில புழு வுழுந்துச்சின்னா ஊரே மொதல்ல கூப்புடுற ஆளு அவருதான். மருந்து டேங்க முதுவுல மாட்டிக்கினு பருத்திக் கொல்லையில எறங்குனாருன்னா பொழுது சாயறதுக்குள்ள மொத்தத்தையும் நனைச்சிட்டுத்தான் கரையேறுவாரு. கச்சிராயபாளையத்துல இருந்து மலையடிவாரம் வரைக்கும் "பிலவேந்திரன் வந்தாத்தான் மருந்து"ன்னு காத்துக்கினு இருப்பாங்க. அதுல அந்த மனுஷனுக்கு அப்படி ஒரு பெருமை. அந்தப் பெருமையில தீய வெக்க.

தொண்ணூத்தேழாம் வருஷம் காய்ப்புழு எந்த மருந்துக்கும் சாவல. கடைக்காரங்க ரெண்டு மருந்த ஒண்ணா கலந்து அடின்னாங்க. கலந்து அடிச்சாங்க. அப்பவும் அது தலையத் தூக்கி ஒரு பார்வ பாத்துட்டு மறுபடியும் காயத் திங்க ஆரம்பிச்சிடும். கடசில வுழுந்தது புழு இல்ல, எம் புருஷன். எங்க ஊரு காசிநாதன் அண்ணன் கொல்லையில டேங்கோட குப்புற வுழுந்து கெடந்தாரு. வாயெல்லாம் நொரை, கண்ணுமணி ஊசி மொன மாதிரி சிறுத்துப் போச்சி. கயித்துக் கட்டில்ல போட்டு ரோட்டுக்குத் தூக்கியாந்து, வேன் புடிச்சி கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு ஓடுனோம். மாதா புண்ணியத்துல பொழச்சாரு. டாக்டரம்மா என்னத் தனியா கூப்ட்டு, "இன்னொரு தடவ இப்படி வந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா"ன்னாங்க. அந்த வார்த்த என் காதுலயே நின்னுடுச்சி.

வூட்டுக்கு வந்ததும் நான் செஞ்ச மொத வேல, டேங்கத் தூக்கிப் பரண் மேல போட்டது. மனுஷன் எழுந்து நடமாட ஆரம்பிச்ச ஒடனே, "அத எறக்கு"ன்னு ஆரம்பிச்சாரு.

"எதுக்கு? நேரா கல்லறைக்கே போயிடலாம்னா?"

"ஊர்ல கூப்புடுறாங்க இஞ்ஞாசி. இல்லன்னு எப்பிடி சொல்றது?"

"வாயால சொல்லு. சோறு திங்கிற அதே வாயால சொல்லு."

சொல்ல மாட்டாரு. அந்த ஆளு பொறந்ததுல இருந்து யாருக்கும் எதுக்கும் இல்லன்னு சொன்னது கெடையாது. அந்த இல்ல எல்லாத்தையும் எங்கிட்டதான் சொல்லுவாரு. அடுத்த வருஷம் விதைப்புக்கு முன்னாடியே வூட்டாண்ட ஆளுங்க வர ஆரம்பிச்சிட்டாங்க. நான் வாசல்ல நின்னு எல்லாரையும் தொரத்துனேன். எத்தினி நாளைக்குத்தான் தொரத்துறது? நான் கள எடுக்கப் போன நேரம் பாத்து வந்து கூட்டிக்கினு போயிட்டா?

அதான் ஒரு ஏற்பாடு பண்ணேன். காசிநாதன் அண்ணனுக்கு, தன் கொல்லையில நடந்து போச்சேன்னு மனசு உறுத்திக்கினு இருந்துச்சி. மலைய ஒட்டி இருக்குற துண்டு நெலத்தக் குத்தகைக்கு கேட்டதும் ஒத்துக்கினாரு. "இதுல மருந்தே அடிக்காம பருத்தி எடுத்துக் காட்றேன்"னு எங்க வூட்டுக்காரர்கிட்ட சொன்னேன். வுழுந்து வுழுந்து சிரிச்சாரு. மருந்து இல்லாம பருத்தியா, புழுவுக்கு விருந்து வெக்கப் போறியான்னாரு. மாதா படத்துக்கு முன்னாடி நிக்க வெச்சி சத்தியம் வாங்குனேன். பருத்திய எடுத்துட்டேன்னா அவரு சாவுற வரைக்கும் டேங்கத் தொடக்கூடாது. புழு தின்னுடுச்சின்னா நானே டேங்க எறக்கி அவரு முதுவுல மாட்டி வுடணும், ஒரு வார்த்த பேசக்கூடாது.

எனக்கு இந்த தைரியத்தக் குடுத்தது அக்ரி ஆபீசு பாத்திமா மேடம். கண்டாச்சிமங்கலம் பக்கத்து ஆளு, டிவிஎஸ் வண்டியில வருவாங்க. பாதி நாளு எங்க ஊரு, பாதி நாளு வெள்ளிமலைக்கு மேல சாமை, தினை போட்டவங்கள பாக்கப் போயிடுவாங்க. மொத நாளே என்ன இன்னொருத்தரு கோடப் பருத்திக்குள்ள இழுத்துக்கினு போயி, கொழுந்தத் திருப்பிக் காட்டுனாங்க. கசகசாவாட்டம் வெள்ளையா ஒண்ணு ஒட்டிக்கினு இருந்துச்சி.

"இதான் முட்ட. தாய்ப்பூச்சி பொழுது போனப்புறம் வந்து, இங்க ஒண்ணு அங்க ஒண்ணுன்னு வெக்கும். ஒரே எடத்துல கொட்டாது."

"விவரமான பொம்பளதான் மேடம்."

"மூணு நாலு நாள்ல பொரிஞ்சிடும். சின்னதுல கொழுந்து, சப்பை மொட்டுன்னு கொறிச்சிக்கினு இருக்கும். கொஞ்சம் பெருத்ததும் காய ஓட்ட போட்டு, தலைய உள்ள வுட்டுக்கினு பின்பக்கத்த வெளிய நீட்டிக்கினு திங்கும். ஒரு காயோட வுடாது, அடுத்ததுக்குப் போவும். நல்லா கொழுத்ததும் மண்ணுல எறங்கி கூடு கட்டி, மறுபடியும் பூச்சியா வரும். நீங்க மருந்து அடிக்கிற நேரத்துல அது காய்க்குள்ள தலைய வுட்டுக்கினு ஜாலியா இருக்கும். செத்துப் போறது எல்லாம் அதப் புடிச்சித் திங்கிற பொறிவண்டும் சிலந்தியும்தான். அடிச்சி அடிச்சி மருந்தும் புழுவுக்குப் பழகிப் போச்சி."

"புழுவுக்குப் பழகிப் போச்சி, எம் புருஷனுக்குத்தான் பழகல"ன்னேன்.

அப்புறம் ரெண்டு சாமான் குடுத்தாங்க. ஒண்ணு பொறி. குச்சியில கட்டுன நீளமான பிளாஸ்டிக் பை, மேல ஒரு மூடி, அதுக்கு அடியில சின்ன ரப்பர். அந்த ரப்பர்ல பொட்டப் பூச்சி வாசன ஏத்தியிருக்குமாம். ஆம்பளப் பூச்சிங்க எல்லாம் மோப்பம் புடிச்சிக்கினு வந்து பைக்குள்ள வுழுந்துடும். பையில பூச்சி ஜாஸ்தியா வுழுந்தா, முட்ட வரப் போவுதுன்னு அர்த்தம். "ஆம்பள எந்த ஜாதியா இருந்தாலும் ஒரே புத்திதான்"னேன். மேடம் சிரிப்ப அடக்க முடியாம திரும்பிக்கினாங்க.

ரப்பர வெறுங்கையால தொடாதன்னு சொல்லித்தான் குடுத்தாங்க. நான் எங்க கேட்டேன்? ரெண்டு கையாலயும் புடிச்சி மாட்டிட்டு, வூட்டுக்கு வந்து எங்க வூட்டுக்காரரு துண்டுல கையத் தொடச்சிட்டேன். அவரு அத தலையில கட்டிக்கினு வாசல்ல சோறு திங்க குந்துனாரு. எங்கிருந்தோ ஒரு பூச்சி வந்து தலைய சுத்துச்சி. அப்புறம் ரெண்டு, அப்புறம் எண்ண முடியல. கொழம்புல ஒண்ணு வுழுந்துச்சி. மனுஷன் தட்ட வெச்சிட்டு கைய வீசி வீசி அடிக்கிறாரு, துண்ட மட்டும் கழட்டல. பக்கத்து வூட்டு சாலம்மாக்கா, "இன்னா தம்பி, இந்த வயசுல இத்தினி பேரு உன்னத் தேடிக்கினு வர்றாங்க"ன்னு கேட்டுச்சி. பூச்சி எல்லாம் ஆம்பளன்னு நான் சொன்னதும் அந்தக்கா சிரிச்ச சிரிப்பு தெருக்கோடி வரைக்கும் கேட்டுச்சி.

மேடம் குடுத்த ரெண்டாவது சாமான் செண்டுமல்லி வெத. பருத்தியச் சுத்தியும் வரப்போரமா நடச் சொன்னாங்க. தாய்ப்பூச்சிக்கு மஞ்சப் பூன்னா உசுராம். பருத்தியும் செண்டுமல்லியும் பக்கத்துல பக்கத்துல இருந்தா, பூவுலதான் போயி முட்ட வெக்குமாம். "செடியில பூ இருந்துக்கினே இருக்கணும் இஞ்ஞாசி. பூ இல்லன்னா பூச்சி எல்லாம் பருத்திக்குத் திரும்பிடும். மிச்சத்த அடுத்த தபா வந்து சொல்றேன்"னுட்டு வண்டிய எடுத்தாங்க. அடுத்த தபா எங்க வந்தாங்க? மலையில ஓயாத மழ. வெள்ளிமலை ரோட்டுல மண்ணு சரிஞ்சி, மேல போனவங்க மேலயே மாட்டிக்கினாங்க. எனக்குக் கெடச்சது அந்த ஒரு வார்த்ததான். பூ இருக்கணும்.

ஐப்பசியில கொல்லையச் சுத்தி மஞ்சளா வெடிச்சுது பாருங்க, மலையில இருந்து எறங்குற பஸ்ஸுல சனங்க எட்டி எட்டிப் பாத்தாங்க. "இன்னா இஞ்ஞாசி, பருத்திக்கு மால போட்டு கண்ணாலம் பண்ணப் போறியா?"ன்னு கிண்டல் வேற. நான் கண்டுக்கல. தெனமும் ஒரு பூவப் பிரிச்சிப் பாப்பேன். உள்ள புழு நெளியும். பச்ச, பழுப்பு, பூவையே தின்னுட்டு மஞ்சளாப் போனது, எல்லா கலர்லயும் இருந்துச்சி. அதப் பாக்கப் பாக்க எனக்கு சந்தோஷம். இங்க இருக்குற ஒவ்வொண்ணும் என் பருத்தியில இல்லாததுதானேன்னு நெனச்சேன். நல்லாத் தின்னுங்கடான்னு வாய்வுட்டே சொல்லியிருக்கேன்.

அப்போதான் கல்லறைத் திருநா வந்துச்சி. எங்க தெருவுல அதுக்கு ஒரு வழக்கம் உண்டு. அன்னிக்கு யாரு கொல்லையில பூ இருந்தாலும் அது செத்தவங்களுக்குத்தான். கேக்கவும் வேணாம், வெல பேசவும் வேணாம். கூடைய எடுத்துக்கினு போயி பறிச்சிக்கினு வந்து, எல்லாக் கல்லறைக்கும் சமமா போடுவாங்க. கேக்க நாதி இல்லாதவன் கல்லறை கூட அன்னிக்கு வெறுமனே கெடக்காது. அந்த வருஷம் மழையில மத்தவங்க பூவெல்லாம் அழுவிப் போச்சி. ஊர்லயே பூ இருந்தது என் வரப்புல மட்டுந்தான்.

திருநாளுக்கு ரெண்டு நாளு முன்னாடியே கோயில் உபதேசியாரு ஆரோக்கியதாஸ் வந்துட்டாரு. வயசானவரு, நல்ல மனுஷன், எனக்கு ஞானஸ்நானம் குடுத்தப்போ பக்கத்துல நின்னவரு.

"இஞ்ஞாசி, இந்த வருஷம் உம் பூவுதான் தாயி."

"தர முடியாது உபதேசியாரே."

வேற யாரையோ பாக்குற மாதிரி என்னப் பாத்தாரு. "இன்னா சொன்ன?"

"இந்தப் பூ இருந்தாத்தான் புழு பருத்திக்குப் போவாது. பருத்தி போச்சின்னா எம் புருஷன் டேங்க மாட்டிப்பாரு."

"செத்தவங்களுக்குப் பூ இல்லன்னு சொன்ன மொத ஆளு நீதாம்மா."

"செத்தவங்க இனிமே சாவ மாட்டாங்க. உசுரோட இருக்குறவருக்கு வெச்சிருக்கேன். போயிட்டு வாங்க."

அவரு கண்ணு கலங்கிட்டாரு. எங்கப்பா, எங்கம்மா, எம் மாமியாரு, எல்லாரும் அங்கதான படுத்துக்கினு இருக்காங்க? ஆனா நான் எறங்கல. தெருவே எங்கிட்ட பேச்ச நிறுத்துச்சி. கொழாயடியில நான் போனா கொடத்த எடுத்துக்கினு நவுந்தாங்க. ரெண்டு நாளும் கம்ப வெச்சிக்கினு வரப்புலயே குந்திக்கினு இருந்தேன்.

திருநா அன்னிக்கு பூசைக்குப் போவாம இருக்க முடியுமா? எங்க வூட்டுக்காரரு, "நீ போ, நான் காவல் இருக்கேன்"னாரு. நானும் நம்பி குளிச்சி முழுவி பொடவ மாத்திக்கினு போனேன். பூச முடிஞ்சி எல்லாரும் மெழுகுவத்தியோட வரிசையா கல்லறைக்கு நடந்தோம். வாசல்ல கால வெச்சவ அப்படியே நின்னுட்டேன். ஒரு கல்லறை பாக்கி இல்ல. சுண்ணாம்பு அடிச்ச அத்தினி கல்லறை மேலயும் என் செண்டுமல்லி குமிஞ்சி கெடக்குது. எங்க அப்பா கல்லறைகிட்ட எங்க வூட்டுக்காரரு காலிச் சாக்கோட நிக்கிறாரு.

"யோவ்! நீதானே காவல் இருக்கேன்ன?"

"பசங்க எல்லாம் கூடையோட வந்து நின்னாங்க இஞ்ஞாசி. இல்லன்னு சொல்ல வாய் வரல."

"உனக்கு என்னிக்குய்யா வாய் வந்துச்சி? டேங்க மாட்டணும், அதானே? அதுக்குத்தானே வுட்ட?"

சாமியாரு தீர்த்தச் செம்போட நிக்கிறாரு, சுத்தி ஊரே நிக்குது, நான் ஓன்னு அழுவுறேன். உபதேசியாரு இந்த சந்தடிய அமுக்கணும்னு சத்தமா செபம் சொல்ல ஆரம்பிச்சாரு. கொஞ்ச நேரந்தான். திடீர்னு கழுத்தப் புடிச்சிக்கினு "ஐயோ"ன்னு குதிச்சாரு. சட்டக் காலருக்குள்ள கட்டவெரல் தண்டியில ஒரு புழு.

பூவ சாக்குல அமுக்கிக் கட்டி, வெயில்ல கொட்டியிருந்தாங்க இல்லியா? சூடு தாங்காம அத்தினி புழுவும் வெளிய வந்துடுச்சி. கல்லறை மேல புழு, சிலுவ மேல புழு, மெழுகுவத்தி மேல ஏறிட்டு சூடு பட்டு உருண்டு வுழுற புழு. பொம்பளங்க பொடவையத் தூக்கிக்கினு அலறுறாங்க. "செத்தவங்க கோவம் இது"ன்னு ஒரு கெழவி மாருல அடிச்சிக்குது. சாமியாரு அங்கிய ஒதறு ஒதறுன்னு ஒதறுறாரு. மைனாவும் காக்காவும் சாமியாரு நிக்கிறாருன்னு கூட பாக்காம எறங்கி அள்ளுது. அழுதுக்கினு இருந்த எனக்கே சிரிப்பு வந்துடுச்சி. சாமியாரு சின்ன வயசு, அவரும் செம்பால வாய மறச்சிக்கினு சிரிச்சாரு. கடசில தீர்த்தத்த அவசரமா தெளிச்சிட்டு எல்லாரும் ஓடி வந்தோம்.

சிரிப்பெல்லாம் கொல்லைக்குப் போற வரைக்குந்தான். சுத்தியும் வெறும் பச்சச் செடி, ஒரு பூ இல்ல. இனிமே பூச்சி எங்க போவும்? நேரா பருத்திக்குத்தான். வரப்புல அப்படியே குந்திட்டேன். ஆஸ்பத்திரி கட்டில்ல அவரு வாய் கோணிக் கெடந்தது கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சி.

அதுக்கப்புறம் தெனமும் விடிஞ்சதும் ரெண்டு பேரும் கொல்லைக்குப் போனோம். ஒரே வரிசையில அந்தப் பக்கம் அவரு, இந்தப் பக்கம் நானு. கொழுந்து, சப்பை, காயி, ஒண்ணு வுடாம திருப்பித் திருப்பிப் பாப்போம். என்ன வுட அவருதான் ஜாஸ்தியா தேடுனாரு. குனிஞ்சி குனிஞ்சி எலைக்குள்ள தலைய வுட்டு தேடுனாரு. புழுவக் காட்டி என்ன ஜெயிச்சிடணும்னுதான் இவ்ளோ மும்மரம்னு எனக்கு எரிச்சலா வந்துச்சி.

"இருக்குதாய்யா?"ன்னு பல்லக் கடிச்சிக்கினு கேப்பேன்.

"இல்ல"ன்னு உர்ருன்னு சொல்லிட்டு அடுத்த செடிக்குப் போயிடுவாரு.

என் கண்ணுக்கு அங்க ஒண்ணு இங்க ஒண்ணுதான் ஆப்புட்டுச்சி. எடுத்து மண்ணெண்ண போட்ட டப்பாவுல போட்டேன். காயி மேல காயி எறங்கிக்கினே இருந்துச்சி. எனக்கு ஒண்ணும் புரியல. சந்தோஷப்படவும் பயமா இருந்துச்சி.

மலை ரோடு சரியானதும் பாத்திமா மேடம் வந்தாங்க. வண்டிய நிறுத்தக் கூட வுடல, புடிச்சி வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன். ஊரோட சண்ட போட்டது, பூ போனது, எல்லாத்தையும் கொட்டுனேன். அவங்க பதறிப் போயி, "அய்யய்யோ, பூவப் பறிக்கவே இல்லியா நீ?"ன்னு கேட்டாங்க.

"நீங்கதானே மேடம் பூ இருக்கணும்னீங்க!"

"புதுப் பூ இருக்கணும்! புழு வெச்ச பூவ அப்பப்போ பறிச்சி வெளிய கொண்டுபோயி அழிக்கணும். அத அப்படியே வுட்டா, தின்னு கொழுத்து மண்ணுல எறங்கி, கொஞ்ச நாள்ல அத்தினியும் பூச்சியா வந்து உம் பருத்தியிலதானே முட்ட வெக்கும்? அன்னிக்குப் பறிக்காம வுட்டிருந்தா இந்நேரம் இங்க ஒரு காயி மிஞ்சியிருக்காது."

அப்போ நான் கம்பு வெச்சிக்கினு ரெண்டு நாளா காவல் காத்தது புழுவுக்கா? அடிப்பாவி இஞ்ஞாசின்னு எனக்கு நானே தலையில அடிச்சிக்கினேன். மேடம் வரப்போரமா கையக் காட்டுனாங்க. பறிச்ச செடி எல்லாம் பக்கத்துல கெளை வுட்டு, மறுபடியும் மொட்டு வெச்சிக்கினு இருந்துச்சி.

அன்னிக்கு சாயங்காலமே உபதேசியாரு வூட்டுக்குப் போனேன். கதவத் தொறந்ததும் பயந்து ஒரு அடி பின்னால போனாரு. நான் எல்லாத்தையும் சொன்னேன். "நீங்க என் கொல்லையக் காப்பாத்திட்டீங்க, நான் உங்கள அழ வெச்சிட்டேன்"னேன். அவரு கழுத்தத் தடவிக்கினு, "பரவால்ல தாயி, அடுத்த வருஷம் பூவ ஒதறிட்டுக் குடு, போதும்"னாரு.

அதுலருந்து பூ பூக்க பூக்க தெருப் பொம்பளங்க எல்லாரையும் கூப்ட்டுப் பறிச்சோம். சாலம்மாக்கா வரும்போதே, "இன்னிக்கு யாரு கல்லறைக்குடி?"ன்னு கேட்டுக்கினே வரும். புழுவுப் பூவ எல்லாம் தெருக் கோழிங்களுக்குக் கொட்டுனோம். தின்னுட்டு நடக்க முடியாம நடந்துச்சிங்க. தைக்குள்ள என் கொல்ல வெள்ளையா வெடிச்சி நின்னுச்சி. மருந்து வாசன இல்லாத பருத்திய நான் அன்னிக்குத்தான் மொத மொதல்ல மோந்து பாத்தேன். ஜெயிச்சிட்டேன். ஆனா எங்க வூட்டுக்காரரு அதப் பத்தி ஒரு வார்த்த பேசல. டேங்கும் பரண் மேலயே இருந்துச்சி. சத்தியத்த மீறுற ஆளு இல்லதான், ஆனா யாராவது வந்து கெஞ்சுனா இந்த வாயில்லாத மனுஷன் இன்னா பண்ணுவாரோன்னு எனக்குள்ள உதறல் போவவே இல்ல.

நெனச்ச மாதிரியே வந்தாரு காசிநாதன் அண்ணன். நாங்க ரெண்டு பேரும் பருத்தி எடுத்துக்கினு இருந்தோம். அவரு கொல்ல பக்கத்துலதான், பிந்தி வெதச்சி இன்னும் பிஞ்சா இருந்த பருத்தியில புழு பூந்து வெளையாடுது. கூட ரெண்டு பேரு.

"பிலவேந்திரா, புது மருந்து வந்திருக்குது. யார வுட்டு அடிச்சாலும் சரியா வுழல. உன்ன மாதிரி அடிக்க இந்த ஜில்லாவுலயே ஆளு இல்லப்பா. ஒரே ஒரு நாளு. முன்ன மாதிரி ஆவாம நானே பக்கத்துல நின்னு பாத்துக்கறேன்."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிடுச்சி. மடியில பருத்தியோட வேகமா வந்தேன். வாயத் தொறக்கப் போறேன், எங்க வூட்டுக்காரரு என்னப் பாத்து கையக் காட்டி நிறுத்துனாரு.

"அண்ணே, நான் வரமாட்டேண்ணே."

"சத்தியம் பண்ணதுக்காகவா? அதெல்லாம் பொண்டாட்டி புருஷன் வெளையாட்டு."

"இல்லண்ணே. எனக்கு பயமா இருக்குது."

காசிநாதன் அண்ணனுக்கு வெளங்கல. "இன்னா பயம்?"

"செத்துப் போயிடுவேன்னு பயம். ஆஸ்பத்திரியில கண்ணு தொறந்ததுல இருந்து பயம். மருந்து வாசன காத்துல வந்தாலே கால் வெலவெலத்துப் போவுது. சொல்ல வெக்கமா இருந்துச்சிண்ணே, சொல்லல."

யாரும் சிரிக்கல. காசிநாதன் அண்ணன் அவரு தோள்ல கைய வெச்சி, "இத நீ அன்னிக்கே சொல்லியிருந்தா நான் உன்னக் கூப்புட வந்திருப்பேனாடா"ன்னாரு. மேடத்தக் கூட்டியாந்து தன் கொல்லையையும் காட்டச் சொல்லிட்டு, ரெண்டு பேரையும் கூட்டிக்கினு போயிட்டாரு.

நான் நின்ன எடத்துலயே நிக்கிறேன். "ஏன்யா, பரண்ல இருந்து எறக்கு எறக்குன்னு என் உசுர வாங்குனியே?"

"எறக்குன்னு சொன்னேனே தவிர, நீ எங்க எறக்கிக் குடுத்துடப் போறியோன்னு பயந்து தெனமும் மாதாகிட்ட வேண்டிக்கினு இருந்தேன்."

"அப்போ வரிசை வரிசையா புழுவத் தேடுனது?"

"நெறைய இருந்துச்சி இஞ்ஞாசி. நீ பாக்குறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் நசுக்கிட்டு, இல்லன்னு சொன்னேன். நீ பாத்துட்டு, சரி தோத்துட்டேன்னு டேங்க எடுத்து வந்துட்டின்னா நான் இன்னா பண்ணுவேன்?"

மடிய வுட்டுட்டேன். எடுத்த பருத்தி மொத்தமும் கால்ல கொட்டிடுச்சி. அதுக்கு மேலயே குந்திக்கினு, மொகத்த மூடிக்கினு அழுதேன். அந்த மனுஷன் பக்கத்துல குந்தி, ஒவ்வொரு சொளையா எடுத்து, ஒட்டுன சருக ஊதி ஊதி என் மடியில மறுபடியும் போட்டாரு.

"அழுவாத மே"ன்னாரு. "பருத்தி நனஞ்சா, எடைய ஏத்துறதுக்குத் தண்ணி தெளிச்சிட்டோம்னு மண்டியில சொல்லுவாங்க."